காப்பாற்ற வந்தவரின் மூச்சு

லிஃப்ட் மெக்கானிக்கை வேலையில் சேர்ந்த புதிதில் ‘ஈர்க்குச்சி’ என்று கூப்பிட்டார்கள். பிறகு ஆள் பீப்பாய் ஆகிவிட்டார். பேர் மட்டும் ஒல்லியாகவே இருந்தது. பக்கத்துத் தெருக் கடைக்கும் பைக். சர்க்கரை வழியும் டீ. சாப்பிட்ட கையோடு கட்டில்.

“ஊரையே மேல ஏத்தி விடற ஆளு நான். எனக்கு எதுக்குடி நடை?” என்பார் மனைவியிடம்.

ஒருநாள் காலை ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஐந்தாம் மாடியருகே நின்றுபோனது. ஊழியர்களின் உடம்பைப் பரிசோதிக்க வந்த நர்ஸ் உள்ளே தனியாக மாட்டிக்கொண்டார். இயந்திர அறையோ மொட்டைமாடியில். படியேறும் வேலையென்றால், கூட வேலை செய்யும் மச்சானை அனுப்பிவிட்டுக் கீழே நின்று அதிகாரம் செய்வது மெக்கானிக்கின் வழக்கம். மச்சானுக்கு அன்று காய்ச்சல்.

இரண்டாம் மாடியில் முழங்கால் முனகியது. மூன்றாவதில் சட்டை தொப்பலானது. ஐந்தாம் மாடியில் லிஃப்ட் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“யாருங்க அது? ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் கேக்குதே?” என்றது உள்ளேயிருந்து நர்ஸின் குரல்.

“நான்தான்... மெக்கானிக்... உங்களக் காப்பாத்த வந்திருக்கேன்...”

“மொதல்ல உங்கள யாராவது காப்பாத்தட்டும். நெஞ்சு வலிக்குதா?”

“இல்ல சிஸ்டர். காலுதான் யாரோடதோ மாதிரி இருக்கு.”

“மூக்கால இழுத்து, வாயால மெதுவா விடுங்க. அவசரமில்ல, நான் எங்கேயும் போயிட மாட்டேன்.”

மூச்சு சீரானதும் அவர் எழுந்தார்.

“பேசிக்கிட்டே ஏறுங்க, உங்க குரல் எனக்குக் கேக்கணும். நேத்திலேருந்து என்னென்ன சாப்பிட்டீங்க?”

படிக்கு ஒரு பண்டமாகச் சொல்லிக்கொண்டே ஏறினார். மொட்டைமாடி வந்துவிட்டது, சாப்பிட்டது தீரவில்லை.

பிரேக்கைத் தளர்த்தி லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்தார். வெளியே வந்த நர்ஸ் நேராக மேலே ஏறிவந்து, இயந்திர அறைத் தரையில் மல்லாந்து கிடந்தவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்த கையோடு மனைவியின் நம்பரைக் கேட்டார்.

“அவ எதுக்கு சிஸ்டர்? அநாவசியமா பயப்படுவா.”

“பயப்பட வேண்டியது நீங்க.”

மறுநாள் வாசலில் பைக் இல்லை.

“என் தம்பி எடுத்துட்டுப் போயிட்டான்,” என்றாள் மனைவி. “காய்ச்சல்காரன் எப்படி நடப்பான்? நீங்க பொடிநடையாப் போயிட்டு வாங்க.”

மச்சானைத் திட்டிக்கொண்டே நடந்தார். முதல் வாரம் பாதித் தெருவில் மூச்சு வாங்கி, திட்டு பாதியில் நின்றது. மச்சானுக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் பைக் திரும்பி வரவில்லை. போகப் போக வேலையிடம் வரும்வரை இடைவிடாமல் திட்ட முடிந்தது. நான்கு மாடியை நிற்காமல் ஏறிவிட்டார். ஒரே தொல்லை, பேண்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. ஒரு கையில் ஸ்பானர் பெட்டியும் மறுகையில் மானமுமாகத்தான் ஏற வேண்டியிருந்தது.