கொழுத்த மண்புழு

அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய், 'சொல்தா' லூசியனின் தோட்டத்தில் இருக்கும் மண்புழுவைப் போல் இந்தப் பூமியில் வேறெங்கும் மண்புழு கிடையாது. சொன்னவர் லூசியனே, ஆகவே மறுப்பதற்கில்லை. மூன்று கண்டங்களில் பதுங்குகுழி வெட்டியவர் அவர். வெட்டிய இடத்திலெல்லாம் புழுவையும் பார்த்திருக்கிறார்.

டவுனின் சாக்கடைக் குட்டைகளில் அள்ளிக் காயவைத்த வண்டலை, டிராக்டர்காரன் ஒருவன் மூன்று வருஷமாக இலவசமாகக் கொண்டுவந்து கொட்டினான். வீட்டுச் சாக்கடையோடு பேட்டரிக் கடைகளின் கழிவும் முலாம் பூசும் பட்டறைகளின் கழிவும் சேர்ந்த வண்டல். கீரை முழங்கால் உயரம் வளர்ந்தது. லூசியனின் ஐந்து கோழிகளும், தோட்டத்தில் களையெடுக்கும் பக்கத்து வீட்டு அமிர்தவல்லியின் கோழிகளும் பொழுதன்றைக்கும் அங்கேயே கிளறித் தின்றன. அமிர்தவல்லியின் ஆறு வயது மகள் அபிக்குத் தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னவரும் லூசியன்தான்.

2006-இல் கலைச்செல்வன் என்ற கல்லூரி வாத்தியார் வந்து இருபது புழுக்களையும் கொஞ்சம் மண்ணையும் சோதனைக்காகப் புட்டியில் போட்டுக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து, மண்ணில் ஈயமும் காட்மியமும் இருப்பதாகச் சொன்னார். புழு அதை உடம்பில் சேர்த்துவைக்கிறது; காட்மியம் மண்ணில் இருப்பதைவிடப் புழுவில் பல மடங்கு. புழு தாங்கிக்கொள்ளும், புழுவைத் தின்பவை தாங்காது என்றார்.

"சீக்கு புடிச்ச புழு இவ்ளோ கொழுப்பா இருக்குமா சார்?" என்று கேட்டு, லூசியன் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்.

அமிர்தவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள். அபிக்குச் சில மாதங்களாக ஓயாத வயிற்றுவலி. முகமும் வெளிறிக் கிடந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். ரத்தத்தில் ஈயம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் தன் கோழிகளின் காலில் கயிறு கட்டி, வாசலில் முளையடித்து, நொய்யரிசி போட்டாள்.

லூசியன் தெரு கேட்கச் சிரித்தார். "கோழிக்கு ஜெயிலா? என்னா குத்தம் பண்ணிச்சி? ஒரு வக்கீலாவது வச்சிக் குடு." அன்று முதல் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கைதிகளுக்குப் பிரெஞ்சு வணக்கமாக ஒரு 'போன்ழூர்' வைத்துவிட்டுத்தான் போவார்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி லூசியனின் மகள் நத்தாலி பாரிசிலிருந்து வந்தாள், ஐந்து வயது க்ளோயேயோடு. ஒரு வருஷமாகப் போனில் தாத்தாவின் முட்டையைப் பற்றியே கேட்டுவந்த பிள்ளை, மறுநாள் விடிந்ததும் கரண்டியோடு மேசையில் உட்கார்ந்துவிட்டது. லூசியன் முட்டையைக் கையில் எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே அவருடைய கோழி ஒரு நீளமான புழுவை இழுத்துக்கொண்டிருந்தது.

முட்டை கெட்டுவிட்டதென்று பிள்ளையிடம் சொல்லி, ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்தார். பிறகு முட்டைக் கூடையோடு கொல்லைப்பக்கம் வந்தார்.

"அமிர்தம், இத நீ எடுத்துட்டுப் போ."

அமிர்தவல்லி கூடையையும் அவரையும் பார்த்தாள்.

"ஒங்க பேத்திக்கு ஆவாதது எம் பொண்ணுக்கு மட்டும் ஆவுமா முசியே?" அவள் குரல் உயரவில்லை. "மண்ணத் தின்ன புழுவ கோழி தின்னுச்சி. கோழி போட்டத எம் பொண்ணு தின்னா. சும்மா வருதுன்னு மண்ணுல எத கொட்னாலும், அது ஒரு புள்ள வயித்துலதான் போயி நிக்கும்."

லூசியன் கூடையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் ஜூலை பதினாலு, பிரெஞ்சுத் தேசிய தினம். அணிவகுப்புக்குப் போகக் கோட்டு மாட்டி, மெடல்கள் குத்தியிருந்தார். வாசலில் வந்து நின்ற வண்டல் டிராக்டரைத் திருப்பி அனுப்பினார். பிறகு தோட்டத்துக்குள் போய்க் கோழிகளைப் பிடித்துவந்து, வாசலிலேயே இஸ்திரி போட்ட கால்சட்டையோடு மண்டியிட்டார்.

முளையடிக்கும் சத்தம் கேட்டு அமிர்தவல்லி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். நான்கு கோழிகளுக்குக் கட்டியாயிற்று. லூசியன் நிமிரவில்லை. ஐந்தாவதன் காலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.