மைக்கில் சொன்னது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அண்ணனுக்கு ரத்தம் எடுப்பது தங்கையின் பொறுப்பு. அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை லேபில். அவனுக்கு மனம் ஒரேயடியாக எழும்பிக் கொதிக்கும்; பிறகு மாதக்கணக்கில் சுருண்டு படுத்துவிடும். அதற்காகச் சாப்பிடும் லித்தியம் மாத்திரை ரத்தத்தில் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"மெதுவா குத்து, ரத்தக்காட்டேரி" என்று அன்றும் கையை நீட்டினான்.

முடிவு வந்தபோது அவளுக்குத் திக்கென்றது. மருந்தின் சுவடே இல்லை. மெஷினைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினாள். அதேதான்.

"மாத்திரை போடலையாண்ணா?"

"நாப்பது நாளாச்சு. சபையே எனக்காக உபவாசம் இருக்கு. நான் மட்டும் திருட்டுத்தனமா முழுங்கினா நல்லாவா இருக்கும்?"

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்று மேலே கையைக் காட்டிச் சிரித்தான்.

திங்கட்கிழமை எப்படியாவது ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்விடலாம் என்று ரிசல்ட்டைப் பைக்குள் வைத்தாள். கழுவுவதற்கு டிபன் டப்பாவை எடுக்கப்போன அம்மாவின் கண்ணில் அது பட்டுவிட்டது. மேலே மகனின் பெயர். கீழே, 'இல்லை'. அம்மாவுக்கு அது போதும்.

ஞாயிறு ஆராதனையில் அந்தக் காகிதம் பாஸ்டர் கையில் இருந்தது.

"நம்ம எலக்ட்ரீஷியன் தம்பி ரத்தத்துல வியாதியே இல்லன்னு லேபே எழுதிக் குடுத்திருக்கு!"

சபை எழுந்து கைதட்டியது. அம்மா முழங்காலில் விழுந்து அழுதாள். 'அந்த வீட்ல யாரோ அறிக்கையிடாத பாவம் இருக்கு' என்று ஒன்பது வருடமாக ஜாடை பேசிய பெண்கள் இப்போது ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

"டெஸ்ட் பண்ண பொண்ணே வந்து சாட்சி சொல்லட்டும்!"

நாலு பேர் முன்னால் நிறுத்தினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அவளுக்கு. இல்லாதது மருந்து, வியாதி இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மண்டபத்தின் பின்னால் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்வது அண்ணன். தங்கைக்குக் குரல் சின்னது என்று சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"வியாதி இல்ல, அப்படித்தானேம்மா?"

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா, பாஸ்டர்."

திங்கட்கிழமை அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. "சாட்சி சொன்ன வாய்ல ஈரம் காயல, அதுக்குள்ள சந்தேகமா?" என்றாள் அம்மா. இரண்டாவது வாரம் அவனுக்குத் தூக்கம் போயிற்று. மூன்றாவது வாரம் வீட்டுச் சுவரிலிருந்து வயர்களையெல்லாம் உருவிப்போட்டான். உள்ளேயிருந்து கர்த்தர் பேசுகிறாராம், குறுக்கே கரண்ட் இரைகிறதாம். மறுநாள் மேம்பாலத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் வெறுங்காலோடு நடந்தவனை, வழியில் போனவர்கள் பிடித்து இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வார்டில் மாத்திரையை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இத முழுங்கினா சாட்சி பொய்யாயிடும். கர்த்தரப் பொய்யராக்கச் சொல்றியா?"

"நான்தாண்ணா பொய் சொன்னேன். அந்தக் காகிதத்துல இருந்தது மருந்தோட அளவு. நோயப் பத்தி அதுல ஒரு வரிகூட இல்ல."

"அன்னிக்கு மைக்ல சொன்ன. இன்னிக்கு காதுல சொல்ற. எத நம்பறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே அவள் மைக் முன்னால் போய் நின்றாள். ரிசல்ட்டில் இருந்தது என்ன, தான் சொன்னது என்ன என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

பாஸ்டர் வாசல்வரை பின்னாலேயே வந்தார்.

"முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "இல்லம்மா. வாசிக்கறதுக்கு முன்னாடி நான்தான் உன்னைக் கேட்டிருக்கணும். எந்த வார்டு?"

அன்று மதியமே கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். "தம்பி, நான்தான் தப்பா வாசிச்சிட்டேன். என்னை மன்னிச்சிரு. இந்த மருந்தும் அவர் குடுத்ததுதான்ப்பா. போட்டுக்க."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். "மைக்லயா சொன்ன?"

"மைக்லதான்."

"அம்மா இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

கையை நீட்டி மாத்திரையை வாங்கிப் போட்டுத் தண்ணீர் குடித்தான். வாயைத் திறந்து காட்டச் சொன்ன நர்ஸுக்குக் குழந்தைமாதிரி காட்டினான்.

"பாஸ்டர், அன்னிக்கு எல்லாரும் கைதட்டினப்ப எனக்கு நெஞ்சு அப்படியே நெறஞ்சு போச்சு. பொறந்ததுலருந்து அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்ல. அவர் என்னைத் தொட்டுட்டார்னு நெனச்சேன். அதுவும் நோய்தானா?"

பாஸ்டர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைக்கு அதற்குப் பதில் தெரியும். மருந்தை நிறுத்தினால் எந்த வாரத்தில் மனம் அப்படிப் பொங்கத் தொடங்கும் என்று மருத்துவர் அவளிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார். சபை கைதட்டியது சரியாக அந்த வாரத்தில்தான்.

அண்ணன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.