பேர் எழுத இடமில்லாத வண்டி

அறுப்பின் பண்டிகையன்று சபையார் பெமிலாவுக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். சும்மா கொடுத்துவிடவில்லை. ரிப்பன் கட்டி, ஜெபம் பண்ணி, கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நீட்டி, கொடுத்தவரின் குடும்பம் முழுவதையும் நாற்காலிக்குப் பின்னால் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் படத்தில் பெமிலாவின் முகம் தெரியாது. ஏலத்தில் எடுத்த வாழைக்குலையோடு ஒருவர் குறுக்கே வந்து நின்றுவிட்டார். நாற்காலியின் முதுகில் 'அன்பளிப்பு' என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், மகன் வேலை பார்க்கும் துபாய் வரை எழுதியிருந்தது. அந்தச் சபையில் பெயர் எழுதாத பொருள் எதுவும் கிடையாது. டியூப்லைட்டின் மேல் பெயர் எழுதிப் பாதி வெளிச்சத்தை அவர்களே மறைத்து வைத்திருந்தார்கள். மின்விசிறிகள்தான் சுற்றும்போது மட்டும் கொஞ்சம் அடக்கமாக இருக்கும்.

நாற்காலியைத் தேர்ந்தெடுத்தவன் ஷாஜன். பெமிலாவின் கணவன் ஜான்ரோஸுக்குத் தம்பி, சபைக் கமிட்டிக்குச் செயலர். கடையிலிருந்து கொண்டுவந்து, கோயிலுக்குள் புதிதாகப் போட்ட கிரானைட் தரையில் வாசலிலிருந்து முன்வரிசை வரை உருட்டிப் பார்த்திருக்கிறார்கள். சத்தம் வரவில்லை, கோடு விழவில்லை, கமிட்டிக்குத் திருப்தி. தடித்த டயர் போட்ட ஒன்றும் கடையில் இருந்ததாம். மண்ணை அள்ளிக்கொண்டு கோயிலுக்குள் வரும் என்று வேண்டாமென்று விட்டார்களாம். கால் விளங்காதவள் வாரத்தில் ஏழு நாளும் கோயில் தரையிலேயே குடியிருப்பாள் என்று அந்தப் பெரிய மூளைகள் கூடி முடிவு செய்திருந்தன.

பெமிலா குடியிருப்பதோ திருவட்டாற்றுக்கு அப்பால், ஒரு சரிவின் அடியில். முற்றத்தில் கொஞ்ச தூரம் சிமென்ட் கல் பதித்திருக்கும். அது முடிந்ததும் சரளை, அப்புறம் செம்மண், அப்புறம் மேலே மேலே படியாக வெட்டிய தட்டுகளில் ரப்பர். அவள் கல்யாணத்துக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்த தோட்டம். ஸ்கூட்டர் சறுக்கி இடுப்புக்குக் கீழே உணர்வு போகும்வரை, விடியலில் பால்வெட்டுக்காரருக்கு முன்னால் அவள்தான் அங்கே நிற்பாள். எந்த மரம் எவ்வளவு பால் தரும், எது மழைக்குப் பின் முறுக்கிக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அன்பளிப்பு நாற்காலியில் முற்றத்தைத் தாண்டிச் சரளையில் இறங்கினாள். முன்சக்கரம் முந்திரிக்கொட்டை அளவுள்ள கல்லில் முட்டியது. நாற்காலி நின்றது, பெமிலா நிற்கவில்லை. முகம் குப்புறப் போய் விழுந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

"மைனி, இது வீட்டுக்குள்ள உருட்டுதுக்கு உள்ள சாதனமாக்கும். இத வச்சு ஆரு வெளியப் போவச் சொன்னா?" என்றான் ஷாஜன். தூக்கிவிடக் கை நீட்டவில்லை. நாற்காலியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தூக்கியது ஜான்ரோஸ். ரத்தத்தைத் துடைத்து, மடியில் சாய்த்து, வீட்டுக்குள் கொண்டுபோனான். உலகத்தில் பெமிலா மட்டமாக நினைக்காத மனிதன் அவன் ஒருவன்தான். சபையை, கொழுந்தனை, பழம் வாங்கிக்கொண்டு வந்து உச்சுக் கொட்டிவிட்டுப் போகும் சொந்தக்காரிகளை, எல்லாரையும் அவள் ஒரே பார்வையில் அளந்து தள்ளிவிடுவாள். ஜான்ரோஸை அப்படிப் பார்க்க மனம் வராது. குளிப்பாட்டுவான், துணி மாற்றுவான், முகம் சுளிக்க மாட்டான்.

இதற்கிடையில் ஷாஜன் ஒரு பேச்சைத் தொடங்கியிருந்தான். மரத்தில் பால் இல்லை, வெட்டுக்கூலிகூடத் தேறவில்லை, மொத்தமாக முறித்துவிட்டு மனை போடலாம் என்று. இடம் பெமிலா பேரில் இருப்பதால் அவள் சரி என்று சொல்ல வேண்டும்.

"நல்ல பாலுள்ள மரம். நான் போவாத ரெண்டு மழைக்காலத்துல எப்பிடி வத்தும்?" என்றாள் பெமிலா. "நான் கண்ணால பாக்கணும். பாக்காம செரின்னு சொல்லமாட்டேன்."

"பாக்கணும்னா நாலு ஆளு நாற்காலியோட தூக்கிட்டுப் போனாப் போச்சு."

"சப்பரத்துல தூக்கிட்டுப் போவ நான் என்ன சுரூபமா? எனக்க மரத்தப் பாக்க எனக்க கையால போவேன். இல்லன்னா மரம் அங்ஙனேயே நிக்கட்டு."

ஷாஜன் சிரித்தான். மரம் நிற்கும், இவள் போகமாட்டாள் என்ற கணக்கு அந்தச் சிரிப்பில் இருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே பெமிலா மறுநாள் நாகர்கோவிலுக்குப் போகக் காரை வரச் சொன்னாள். ஜான்ரோஸ் கூட வந்தான். கூப்பிடாமலே ஷாஜனும் முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

வடசேரியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது சக்கர நாற்காலிக் கடை. கடைக்காரர் ஜான்ரோஸைப் பார்த்து, "அவங்களுக்கு எவ்வளவு வெயிட் இருக்கும் சார்?" என்று கேட்டார்.

"அவங்களுக்கு வாய் இருக்கு. அவங்ககிட்ட கேளும்," என்றாள் பெமிலா.

அவருக்கு அது ஏறவில்லை. பளபளவென்று நிக்கல் பூசியதைக் காட்டினார். தலை சாய்க்க மெத்தை வைத்ததைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும், "சாருக்குத் தள்ள லேசா இருக்கும்," என்பார். உட்கார்ந்திருப்பவள் சந்தைக்குப் போகும் சாக்குமூட்டை, தள்ளுகிறவருக்குக் கை நோகாமல் இருந்தால் போதும் என்பதுதான் அவருடைய வியாபார சாஸ்திரம்.

ஷாஜன் பேட்டரி வண்டி ஒன்றின் மேல் கை வைத்து நின்றான். "மைனி, ஸ்விட்ச்ச போட்டா தன்னால ஓடும்."

"மேட்டுல பாதியில நின்னா ஆரு தள்ளுவா, நீயா? மழை பெய்யாத ஜில்லாவுல கொண்டு போய் விக்கச் சொல்லு."

ஒவ்வொன்றிலும் அவள் முன்சக்கரத்தைத்தான் பார்த்தாள். சரளையில் மூக்கு உடைந்த நாளிலிருந்து அவளுக்குப் பாடம் அதுதான். கட்டிலில் கிடந்தபடி மலைப்பாதையிலும் மணலிலும் சக்கர நாற்காலி ஓட்டுகிறவர்களின் வீடியோக்களையெல்லாம் பார்த்துத் தீர்த்திருந்தாள். முன்சக்கரம் சின்னதாக இருந்தால் கல்லில் முட்டும், மெல்லியதாக இருந்தால் மண்ணில் புதையும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே நீளம் வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் ஆளைக் கவிழ்க்கும். பின்சக்கரம் ரொம்ப முன்னால் தள்ளியிருந்தால் ஏற்றத்தில் மல்லாக்கத் தள்ளும். இதையெல்லாம் கேட்டபோது கடைக்காரர் ஜான்ரோஸைப் பார்த்துப் புன்னகை செய்தார். வீட்டில் இப்படித்தான் படுத்துவார்களா சார் என்று கேட்கிற புன்னகை.

மூலையில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், ஒன்று தெரிந்தது. முன்னால் நீட்டிய கம்பியின் நுனியில் ஒரே ஒரு பெரிய சக்கரம். பின்னால் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்கள், கீழ்ப்பக்கம் அகன்று சாய்ந்து நின்றன.

"அது எடுப்பே இல்லாத சாமான் மேடம். தெரியாம வரவழைச்சுட்டோம்."

"அத எடும்."

ஜான்ரோஸ் அவளைத் தூக்கி அதில் வைத்தான். கடைக்குள் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். பெமிலா வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனாள். குழாய் பதிக்கத் தோண்டி, மூடியும் மூடாமலும் போட்டிருந்த தெரு. உடைந்த தார்க்கட்டிகள், ஜல்லி, நடுவே சேறு. முன்சக்கரம் முதல் ஜல்லியில் ஏறியது. ஏறி இறங்கியது. அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள், பின்சக்கரங்கள் பல்லால் கடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தன. சேறு பட்டு, சக்கரத்தை உருட்டும் கைவளையம் வழுக்கியது. சேலையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் தள்ளினாள். கடைக்காரர், "மேடம், டயர் அழுக்காவுது," என்றபடி பின்னால் ஓடிவந்தார். அழுக்காகாமல் இருக்கத்தான் டயர் செய்கிறார்கள் போலிருக்கிறது. பெமிலாவுக்கு அந்தச் சேற்றில் நின்று அழவேண்டும் போலிருந்தது. அத்தனை சந்தோஷம். ஆனால் ஷாஜன் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு முன்னால் அழுகிற அளவுக்கு அவள் கெட்டுப்போகவில்லை.

ஷாஜனுக்குப் பல கவலைகள். "கோயில் கதவுல நொழையாது மைனி. கிரானைட்டு போயிரும்." கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் சொன்னான். "சபைக் கணக்குல வேணா இதையும் சேக்கலாம். ஆனா முதுகுப்பக்கம் ஒரு சாண்கூட இல்லியே. கொடுக்கியவருக்க பேர எங்க எழுத?"

"அப்ப இதுதான் எனக்கு உள்ளது," என்றாள் பெமிலா.

ஜான்ரோஸ் மட்டும் குனிந்து தணிவாகச் சொன்னான். "இது வேண்டாம் பெமிலா. நீ விழுந்திருவ."

அந்தக் குரலில் இருந்த பயத்தை அவள் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். "விழமாட்டேன். விழுந்தாலும் நீங்க இருக்கியள்லா," என்று அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

சில வாரம் முற்றத்திலும் சரளையிலும் பழகினாள். ஏறும்போது உடம்பை முன்னால் கொடுக்கவும், இறங்கும்போது வளையத்தை விட்டு விட்டுப் பிடிக்கவும் உள்ளங்கை கற்றுக்கொண்டது. தோல் உரிந்து, காய்ந்து, தடித்தது. வேலிக்கு அப்பால் நின்று பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "இவளுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல," என்றாள். அவளுக்கு இரண்டு காலும் இருந்தன. டிவிக்கும் அடுப்புக்கும் நடுவே நடப்பதைத் தவிர அவற்றால் அவள் வேறெதுவும் செய்ததில்லை.

ஒரு நாள் காலையில் ஜான்ரோஸ் மீன் வாங்க ஜங்ஷனுக்குப் போனான். பெமிலா செம்மண்ணில் ஏறினாள். ரப்பர் ஷீட்டை உந்துவண்டியில் இறக்கும் பாதை அது. மழை அரித்து வேர்கள் வெளியே வந்திருந்தன. வேர் வந்தபோதெல்லாம் முன்சக்கரம் ஏறியது, அவள் மூச்சைப் பிடித்துப் பின்னதை ஏற்றினாள். இரண்டு தடவை நின்று இளைப்பாறினாள். முதல் தட்டுக்கு வந்து சேர்ந்தபோது, பாலின் புளிச்ச வாடை அடித்தது. பத்து வயது குறைந்ததுபோல இருந்தது அவளுக்கு.

பிறகு மரங்களைப் பார்த்தாள்.

ஒரு பக்கம் மட்டும் வெட்டவேண்டிய மரத்தில் இரண்டு பக்கமும் வெட்டியிருந்தது. ஏணி வைத்து ஏறி ஆள் உயரத்துக்கு மேலேயும் வெட்டியிருந்தது. பட்டையைத் தாண்டிக் கத்தி தடிவரை இறங்கி, காயம் காயமாகக் கறுத்திருந்தது. வெட்டுக்கோட்டின் மேல் பால் இளக்கும் மருந்தைத் தாராளமாகத் தடவியிருந்தார்கள். மரத்தை முறிக்கப் போகிறவன், கடைசிச் சொட்டுவரை பிழிந்து எடுக்க வெட்டுகிற கடும்வெட்டு. அடுத்த மரமும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. சில மரங்கள் பட்டை மரத்துப்போய், சிரட்டையில் ஒரு துளி இல்லாமல் நின்றன.

பால் எடுத்துக்கொண்டு வந்த பால்வெட்டுக்காரர் இஞ்ஞாசி அவளைக் கண்டதும் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஷாஜன் சொன்னான்னு இந்தக் கொலையச் செய்தீரா ஓய்?" என்று கேட்டாள். "அவன் கமிட்டிக்குச் செயலரா, இல்ல எனக்க தோட்டத்துக்கா?"

"சின்னவரு சொன்னா நான் கேப்பேனா அக்கா?" இஞ்ஞாசி வாளியைக் கீழே வைத்தார். "ரெண்டு பக்கமும் வெட்டச் சொன்னது அண்ணன்தான். நான் அப்பமே சொன்னேன், அக்கா வந்தா நம்மளக் கொல்லும்னு. அதுக்கு அண்ணன், இனி அவ இந்தப் பக்கம் வரப்போறதில்ல, மரம் நின்னா என்ன போனா என்னன்னு சொல்லிச்சு."

"எந்த அண்ணன்?" என்று கேட்டாள். அவர் அண்ணன் என்று கூப்பிடுவது யாரை என்று தெரிந்தேதான் கேட்டாள்.

"நம்ம ஜான்ரோஸ் அண்ணன்தான் அக்கா."

கீழே பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டில் அவளைக் காணாமல் ஜான்ரோஸ் ஓடி வந்திருந்தான். கையில் சாளை மீன் பை அப்படியே இருந்தது. முதலில் அவளைப் பார்த்தான், பிறகு இஞ்ஞாசியை, பிறகு வெட்டின மரத்தை. விழுந்துவிட்டாயா என்று கேட்கவில்லை. இஞ்ஞாசி வாளியை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்துவிட்டார்.

"பெமிலா," என்றான். பையிலிருந்து தண்ணீர் அவன் காலில் சொட்டியது. "ஷாஜன் ஒரே தொந்தரவு. நானும் பாத்தேன்... மரம், மரம்னு நீ கெடந்து வேகுத. மரம் இல்லாமப் போச்சுன்னா நீ வீட்டோட நிம்மதியா இருப்பன்னு நெனச்சேன். நீ இனி இங்க வருவன்னு நான் நெனைக்கல்ல."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குளிப்பாட்டியது, துடைத்தது, தூக்கியது எல்லாம், ஏற்கெனவே முடிந்துபோன ஒருத்திக்குச் செய்த காரியம். ரிப்பன் கட்டிக் கொடுத்தவர்களாவது 'அன்பளிப்பு' என்று நாற்காலியின் முதுகில் எழுதி வைத்தார்கள். இவன் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டு தினமும் சோறு போட்டிருக்கிறான். எல்லாரையும் அளந்த கண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தவன் தெரியாமல் போனான். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ஜான்ரோஸ் பையை மரத்தடியில் வைத்துவிட்டு அவளைத் தூக்கக் குனிந்தான்.

"தொடாதுங்க," என்றாள் பெமிலா. "இஞ்ஞாசிகிட்ட சொல்லுங்க, இண்ணையோட வெட்டு நிப்பாட்டியாச்சு. தேறுத மரம் தேறட்டு. முறிக்கப் பேச்சு எடுத்தா ஷாஜன் இந்த முற்றத்துல கால் வைக்கப்பிடாது."

"செரி," என்றான். எப்போதும் எல்லாரிடமும் சொல்கிற அதே செரி. "வா, கீழ கொண்டுபோறேன். வெயில் ஏறுது."

"எனக்கு மேல உள்ள தட்டையும் பாக்கணும்."

"ஒன்னால முடியாது பெமிலா. அங்க பாதை ரொம்ப மோசம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஷாஜனையும் கடைக்காரரையும் பார்த்த அதே பார்வை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஜான்ரோஸ் அதை வாங்கியதில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பெமிலா இரண்டு உள்ளங்கையிலும் மண்ணைத் தேய்த்துக்கொண்டு, உடம்பை முன்னால் கொடுத்து, அடுத்த ஏற்றத்தில் சக்கரத்தைத் தள்ளினாள்.