சமையலறை ஜன்னலுக்கு நேரே ஒரு பனை

குளிரைத் தாங்கும் பனை எது என்று ராய்ஸ் டாட்லாக்குக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் தப்பான மரத்தை வாங்கினான். ஜார்ஜியாவில், மேக்கன் பக்கம், புத்தியுள்ளவர்கள் நடுவது காற்றாடிப் பனை. விசிறி ஓலை, தண்டு முழுக்கச் சாக்கு சுற்றினாற்போல நார். பனிக்கட்டி மழை பெய்தாலும் அதுபாட்டுக்கு நிற்கும். அழகு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. குளிர் அடிக்கிற ஊரில் அழகும் வேண்டும் உயிரும் வேண்டும் என்றால் எங்கே போவது?

ஆனால் அவன் மனைவி டெலோரிஸ் ஃப்ளோரிடாக் கடற்கரைக்காரி. கல்யாணமான புதிதில், "உங்க ஊர் மாதிரியே ஒரு மரம், சமையலறை ஜன்னலுக்கு நேரா நட்டுத் தரேன்" என்று ராய்ஸ் சொன்னான். சொன்னதோடு சரி. கூரை ஒழுகியது, வேலை போனது, வேட்டை நாய்கள் வந்தன. தலை நரைத்ததுதான் மிச்சம். வருஷாவருஷம் குளிர்காலத்துக்குத் தங்கை நொரீன் வீட்டுக்குப் போகிறவள், இந்தத் தடவை தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு போனாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் போன அதே வாரம் ராணிப் பனையை வாங்கி வந்து நட்டான். நீண்ட ஓலை, காற்றில் அவிழ்ந்த கூந்தல் மாதிரி ஆடும். குளிர் மட்டும் அதற்கு ஆகவே ஆகாது.

பக்கத்து வீட்டு ஹோபர்ட் வேலி ஓரம் நின்று தலையில் அடித்துக்கொண்டான். பனைப் பைத்தியம் அவன்.

"ஏன்யா, காசைக் குடுத்துச் சாவை வாங்கிட்டு வந்திருக்க?"

"அவளுக்கு இதுதான் பிடிக்கும்."

"பிடிக்கும். ஜனவரிக்குப் பிடிக்கணுமே!"

டெலோரிஸ் போனில் சுற்றி வளைக்கவில்லை. "நொரீன் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஃப்ளாட் காலியாகுது. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். எடுத்துட்டா நான் அங்க திரும்ப மாட்டேன், ராய்ஸ்."

"உனக்குப் பனை நட்டிருக்கேன்."

அவள் சிரித்தாள். "நீயா? சரி, வந்து பாக்கறேன். இதுவும் வாய்ப் பந்தல்னா, வந்த கார்லயே போயிடுவேன்."

அவள் வருவதற்குள் உறைகுளிர் வந்தது. இந்த ஊர்க்காரர்கள் செய்வதையே ராய்ஸும் செய்தான். ஓலைகளைத் தூக்கிக் கட்டி, கிறிஸ்துமஸ் சீரியல் லைட்டைத் தண்டிலும் கொண்டையிலும் சுற்றி, மேலே கம்பளி போர்த்தினான். விளக்கின் சூட்டில் மரம் பிழைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. பனிக்கட்டி மழை கொட்டிய அந்த நாட்களில், கம்பளிக்குள்ளிருந்து சிவப்பும் பச்சையுமாக ஒளி கசிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவன் மனசு நிறைந்தது.

குளிர் விட்டதும் ஹோபர்ட் வந்தான். ஒரு விளக்கைக் கையில் பிடித்துப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இது எல்.ஈ.டி.ய்யா."

"புதுசுதான். கரண்டு குறைவா இழுக்கும்னு..."

"தொட்டுப் பாரு. சுடுதா? குண்டு பல்புதான்யா சுடும். இதைச் சுத்தினதுக்குப் பதிலா மரத்துக்கு ஒரு பாட்டுப் பாடியிருக்கலாம்."

ராய்ஸ் கம்பளியைப் பிரித்தான். ஓலையெல்லாம் பச்சைப்பசேல் என்று இருந்தது. அவனுக்கு உயிர் வந்தது. "பாரு, ஒண்ணும் ஆகல!"

ஹோபர்ட் ஓலையை ஏறிட்டும் பார்க்கவில்லை. பனைக்காரர்கள் ஓலையை நம்ப மாட்டார்கள். நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். கெட்டியாக நின்றால் மரம் பிழைக்கும், கையோடு வந்தால் கதை முடிந்தது. "இப்ப இழுக்காத. ரெண்டு வாரம் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ராய்ஸ் பொறுத்திருந்தான். டெலோரிஸ் வரவிருந்த நாள் காலையில் ஏணி போட்டு ஏறினான். இழுக்கக்கூட இல்லை, விரலை வைத்தான், அவ்வளவுதான். குருத்து வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் பழுப்பாகக் குழைந்திருந்தது. அழுகல் நாற்றம் அடித்தது. பனைக்கு ஒரே உயிர், அது அங்கேதான் இருக்கிறது. ஏணியில் நின்றபடியே ராய்ஸ் அழுதான்.

பிறகு குருத்தை வந்த துளையிலேயே நேராகச் செருகிவிட்டு இறங்கினான்.

மத்தியானம் டெலோரிஸ் வந்தாள். பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு நேரே கொல்லைக்கு நடந்தாள். மரத்தைப் பார்த்ததும் கை தானாக வாய்க்குப் போனது.

"அடப்பாவி! நட்டே நட்டுட்ட!"

சத்தம் கேட்டு ஹோபர்ட் வேலியைத் தாண்டி வந்தான். நலம் விசாரித்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், ஏணியின் இரண்டாம் படியில் கால் வைத்துக் குருத்தை நோக்கிக் கையை நீட்டினான். ராய்ஸ் அவனைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை ஹோபர்ட் அதுவரை எந்த மனிதனிடமும் கண்டதில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு இறங்கினான்.

"நல்ல மரம், டெலோரிஸ்" என்றான். வாயைத் திறந்தால் மூடாத மனுஷன், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

அவள் பெட்டியை உள்ளே கொண்டுவந்தாள். ராய்ஸ், "டெலோரிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான். "இருப்பா" என்று கையமர்த்திவிட்டு அவள் போனை எடுத்தாள்.

"நொரீன், அந்த ஃப்ளாட்டை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடு... இல்லடி, வரல. மிஷினை அனுப்பிடு. நீ நம்ப மாட்ட, இந்த மனுஷன் வாழ்க்கையில முதல் தடவையா சொன்னதைச் செஞ்சிருக்கான்."

போனை வைத்துவிட்டு, "என்னமோ சொல்ல வந்தியே?" என்றாள்.

"காப்பி போடவான்னு கேட்டேன்" என்றான் அந்தக் கோழை.

இரண்டு வாரம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் ஜன்னல் திரையைக் கழற்றியே எறிந்துவிட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் எழுவதற்கு முன் ராய்ஸ் கொல்லைக்குப் போனான். வெளி ஓலைகளின் நுனி புகையிலை நிறத்துக்கு மாறியிருந்தது. கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு நுனியாக நறுக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

ஜன்னல் திறந்தது.

"என்ன பண்ற அங்க? வெட்டாத, ராய்ஸ்" என்றாள் டெலோரிஸ், தூக்கக் கலக்கமும் சந்தோஷமுமாக. "அதைச் சும்மா விடு, வளரட்டும்."