நார்மல் அக்கா

பரீட்சை ஹாலின் மூலையில் ஸ்டூல் போட்டு, இடது கையை மேஜைமேல் நீட்டிக்கொண்டு பெரியவள் காத்திருந்தாள். காலையிலிருந்தே பின்மண்டை விண்விண்ணென்று தெறித்தது. அது என்ன புதுசா? வாரத்தில் பாதி நாள் தெறிக்கிறதுதான்.

உடலியங்கியல் லேபில் கண்ணாடிக் குழாய் கழுவுவதும் மேஜை துடைப்பதும் அவள் வேலை. பிராக்டிகல் வந்துவிட்டால் அவளும் ஒரு கருவி. பிள்ளைகள் அவள் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, பிரஷர் பார்த்துப் பழகுவார்கள். பாதிப் பேருக்கு ஸ்டெதஸ்கோப்பில் ஒரு எழவும் கேட்காது. போன பேட்ச் எழுதிய நூற்றிருபதுக்கு எண்பதையே இவர்களும் எழுதிவிடுவார்கள். எழுதி எழுதி அவளுக்கு நார்மல் அக்கா என்றே பேராகிவிட்டது.

காலேஜே அவளை அக்கா என்றது, கூடப்பிறந்தவளைத் தவிர.

சின்னவள் இங்கேதான் படிக்கிறாள். சேர்ந்த அன்றே கேட்டுக்கொண்டாள். "அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, ப்ளீஸ்." சரியென்று தலையாட்டினாள் பெரியவள். அன்றிலிருந்து வயிறு எரிகிறது.

பள்ளிக்கூடத்தில் மார்க்கு யாருக்கு அதிகம்? பெரியவளுக்குத்தான். அப்பா படுத்துக்கொண்ட வருஷம் வீட்டுக்கு ஒரு சம்பளம் வேண்டியிருந்தது. மூத்தது என்று அவளைப் பிடித்து வேலைக்குத் தள்ளினார்கள். சின்னவளுக்கு யோகம், படிக்கிறாள். இதயத்துக்கு நாலு அறை என்று அவள் சத்தம் போட்டுப் படிக்கும்போது, வீட்டில் இருக்கிற ஒரே அறையில் பெரியவள் அவளுடைய வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போடுவாள். பொறாமைதான். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது?

போன வாரம் அந்தக் கோட்டை மடித்துக்கொண்டே விளையாட்டாகச் சொன்னாள். "கால் விரலை இறுக்கி மடக்கி மூச்சைப் பிடிச்சேன்னு வை, பிரஷர் எகிறிடும். ஒரு பொண்ணை நல்லா முழிக்க வெச்சேன்."

சின்னவள் சிரிக்கவில்லை. "என் பரீட்சையில அப்படிப் பண்ணித் தொலைக்காத. ஏற்கெனவே ஒருதடவை இதுல கோட்டை விட்டாச்சு. இன்னொரு தடவை போச்சுன்னா என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

இன்றைக்கு அந்தப் பரீட்சை. மாணவர்கள் சொல்லும் அளவு, லேப் கொடுத்த அளவோடு ஒத்துப்போக வேண்டும். லேப் வழக்கமான அளவையே கொடுத்திருந்தது. காலையில் யாரும் பெரியவள் கையில் பட்டை சுற்றி அளந்து பார்க்கவில்லை.

சின்னவள் முறை வந்தது. பட்டையைச் சுற்றினாள். "கையைத் தளர்வா வைங்க" என்றாள்.

வைங்களாமே! பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்புக்குள் விரல்களை இறுக்கி மடக்கினாள். மூச்சையும் பிடித்தாள். படித்துக் கிழித்தது போதும், நீயும் வந்து குழாய் கழுவு.

சின்னவள் நாடி பார்க்க அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். சின்ன வயதில் இருட்டில் கையைப் பிடித்துக்கொள்வாளே, அதே பிடி. சனியனே, என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பெரியவள் மூச்சை விட்டாள். விரல்களைத் தளர்த்தினாள். உடம்பு மொத்தத்தையும் தொளதொளவென்று விட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள்.

பாதரசம் ஏறி இறங்கியது. சின்னவள் முகம் வெளிறியது. காற்றை முழுசாக இறக்கிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தாள். மறுபடியும் கேட்டாள். பிறகு பட்டையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தாள்.

"அக்கா, வேணும்னேதான பண்ற?"

இந்தக் கட்டடத்துக்குள் அவள் அக்கா என்றது அதுதான் முதல்தடவை.

"இல்லடி. சத்தியமா சும்மாதான் உக்காந்திருக்கேன். எவ்வளவு காட்டுது?"

"இவ்வளவு ஏறுமா யாருக்காச்சும்? உன் வயித்தெரிச்சல எங்கிட்ட காட்டாத."

"என்னம்மா, எவ்வளவு?" பரீட்சகர் திரும்பினார்.

சின்னவள் நிமிர்ந்தாள். பெரியவளைப் பார்க்கவில்லை. "நூத்திருபதுக்கு எண்பது, சார்."

"குட். நார்மல்." அவர் டிக் அடித்தார். "அடுத்த ஆள் வாங்க."

சின்னவள் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். கோட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அடுத்த பையன் வந்து பட்டையைக் கையிலெடுத்தான்.

"நார்மல் அக்கா, கை கொடுங்க."

பின்மண்டை தெறித்தது. பெரியவள் கையை நீட்டினாள்.