மேயர் ஊதச் சொன்னார்

வெஸ்லி மறுபடியும் சமையலறை ஜன்னலுக்கு வந்து நின்றபோது, நான் சோளச் சிப்ஸ் பொட்டலத்தின் வாயைக் கத்தரித்து அதற்குள் சூடான கொத்துக்கறியை ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டெல்லாம் வேண்டாம். பொட்டலத்துக்குள்ளேயே கறி, சீஸ், வெங்காயம் எல்லாவற்றையும் போட்டு ஒரு கரண்டியைக் குத்திக் கொடுத்தால் நின்றபடியே தின்றுவிட்டு சூதாட்ட மேஜைக்கு ஓடிவிடுவார்கள். சூதாட்டம் என்றால் பொம்மை நோட்டில்தான். இந்தப் பையன் முன்பு வந்தபோதும் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனான். என் மகளைப் பள்ளி முடிக்கிற வருஷத்து ப்ராம் நடனத்துக்கு அழைத்துப் போனவன் என்பதால் வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஷெல்பி ஜன்னல் பக்கமே வரவில்லை. அதிலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. தலையில் வலை மாட்டி, கரண்டியும் கையுமாக நிற்கிற அம்மாவைத் தோழிகளோடு வந்து பார்க்க எந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும்?

"ஷெல்பிக்கும் சேர்த்துத் தரட்டா?" என்றேன்.

அவன் வாடகைக் கோட்டின் பொத்தானைத் திருகினான். "ஆன்ட்டி... ஷெல்பி வீட்டுக்குப் போயிட்டாளா? உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

"என்னடா உளர்ற? உன்கூடதானே வந்தா?"

"வந்தா. குடிச்சிருக்கோமான்னு பாக்க ஊதச் சொன்னாங்கல்ல, அதுல அவளுக்கு நம்பர் காட்டிருச்சு. உள்ள விடல."

என் பெண் குடிக்க மாட்டாள். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், எனக்கும் தெரியும். ஆனால் ஷெல்பி அவள் அப்பன் குடித்ததை எட்டு வயது வரை பக்கத்தில் இருந்து பார்த்தவள். பீர் நாற்றம் அடித்தாலே எழுந்து போய்விடுவாள். "அவ குடிச்சாளா?" என்று கேட்டேன். "சத்தியமா இல்ல ஆன்ட்டி. கார்ல வரும்போது மவுத்வாஷ் ஊத்திக் கொப்பளிச்சா. பூண்டு ரொட்டி சாப்பிட்டோம்ல." அந்தக் குட்டி பாட்டிலை அவளுடைய கைப்பையில் வைத்தவள் நான். முத்தம் கொடுக்கிற வேளையில் வாய் நாறக் கூடாது என்று கேலி பண்ணிக்கொண்டே வைத்தேன். அவள் "அம்மா!" என்று கத்திக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

மவுத்வாஷ் கொப்பளித்திருந்தால் சற்று நேரம் காத்திருந்து மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். அது ஷெரிஃப் ஆபீஸ் ஆளுக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் வாசலில் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். இந்த வருஷம் மேயர் டெல்மர் ஹன்சல் தானே நிற்பேன் என்று சொல்லிவிட்டார். மாநில சபைத் தேர்தலில் நிற்கிறார் அல்லவா, டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். சட்டைப்பையில் கொடி குத்திக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் குழாயை நீட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். செனட்டர் அம்மாள் ஒருத்தியும் வந்து, ஏப்ரன் கட்டிக்கொண்டு, அடுப்பு பற்றவைக்காத கல்லில் படத்துக்காக ஒரு அப்பத்தைப் புரட்டிவிட்டுப் போனாள்.

டெல்மரைக் குறை சொல்வதற்கும் இல்லை. நாலு வருஷம் முன்னால் ப்ராம் முடிந்து மணல் குழிப் பக்கம் குடிக்கப் போன இரண்டு பையன்கள் திரும்பும்போது ஒரு வளைவில் காரோடு தண்ணீரில் இறங்கிச் செத்துப்போனார்கள். பிளாட் ஆற்றை ஒட்டி மணல் அள்ளின பள்ளங்கள் அவை, ஏரி மாதிரி நிற்கும். காரை மேலே தூக்கியபோது கரையில் நின்று விம்மி அழுதவர் டெல்மர்தான். அதற்கப்புறம்தான் இந்த விருந்து. பள்ளி ஜிம்மில் விடியும்வரை. உள்ளே வந்தால் கதவைப் பூட்டிவிடுவார்கள். நடுவில் வெளியே போனால் திரும்ப வர முடியாது, வீட்டுக்கு போன் போகும். கடைசிவரை இருக்கிறவர்களின் பெயர்களைக் குலுக்கி ஒரு பழைய கார் பரிசு.

"அவளை வெளிய நிறுத்திட்டு நீ உள்ள வந்தியா?" என்று வெஸ்லியைக் கேட்டேன்.

"குலுக்கலுக்குப் பேரு குடுத்திருந்தேன் ஆன்ட்டி." அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்கம்மா உள்ள கிச்சன்லதான் இருக்காங்க, கூப்பிடுங்கன்னு அவ மேயர்கிட்ட சொன்னா. அது என் காதுல விழுந்துச்சு. அப்புறம் அவங்க கூட்டிட்டுப் போய்ப் பரிசுக் கோப்பை அலமாரிகிட்ட உக்கார வெச்சாங்க."

கோப்பை அலமாரி இருப்பது இந்தச் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டு ரேடியோவோடு பாடிக்கொண்டிருந்தபோது என் பெண் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு நான் வருவேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். என் குரல் அவளுக்குக் கேட்டிருக்குமோ? கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். நாற்காலி காலியாக இருந்தது. அவள் கையில் கட்டியிருந்த பூச்செண்டு மட்டும் அதன்மேல் கிடந்தது.

டெல்மர் மேடைக்குப் பக்கத்தில் குலுக்கல் பீப்பாயைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மேயரானதிலிருந்து மரியாதை கொடுத்துத்தான் பேசுவேன். அது அன்றோடு போயிற்று.

"டெல்மர், என் பொண்ணு எங்க?"

அவர் முகம் வெளுத்தது. "லவோன்... உங்க வீட்டுக்கு போன் பண்ணேனே. மெசேஜ் வெச்சேனே."

"என் வீட்டுக்கா? நான் இங்கதானே இருக்கேன்! சாயங்காலத்திலேர்ந்து உனக்குச் சோறு ஆக்கிட்டு இங்கதானே நிக்கிறேன்! நீயே வந்து ரெண்டு பொட்டலம் வாங்கித் தின்னியே!"

"ரூல்னா வீட்டு நம்பருக்குத்தான் பண்ணணும். ஃபாரத்துல இருந்த நம்பருக்குப் பண்ணேன்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே அது எப்படிக் கேட்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கேமரா இருந்துச்சு லவோன். சமையல்காரம்மா பொண்ணுன்னு விட்டா நாளைக்கு பேங்க் மேனேஜர் பையனை எப்படி நிறுத்தறது? அப்புறம் வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். உன் மூஞ்சியப் பார்த்தா சொல்ல வரல."

அடிக்கலாம் என்று கை வந்தது. அதற்கு நேரமில்லை. எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே கார் ஷெல்பியிடம். "வண்டிய எடு" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் எடுத்தார்.

கதவருகில் டைப்ரைட்டிங் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஆர்ஃபா உட்கார்ந்திருந்தாள். ஷெல்பிக்குக் காவல் இருந்தவளும் இவள்தான். "பாத்ரூம் போறேன்னு சொல்லித்தான் எழுந்து போனா லவோன், நான் கனவா கண்டேன்?" என்று புலம்பினாள். நான் கதவைத் தள்ளப் போனதும் பழக்க தோஷத்தில் அவள் வாய் தானாகச் சொன்னது. "நீ வெளிய போனா ரூல்படி உன் வீட்டுக்கு போன் போடணுமே."

"போடுங்க. விடாமப் போட்டுட்டே இருங்க. ஷெல்பி எடுத்தா அங்கேயே இருக்கச் சொல்லுங்க, அம்மா வர்றான்னு சொல்லுங்க."

முதலில் வீட்டுக்குத்தான் போனோம். விளக்கு எரியவில்லை, வாசலில் கார் இல்லை. உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது, தெருவரை கேட்டது. டெல்மர் என்னைப் பார்த்தார். எங்கே போக வேண்டும் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை. நடனத்துக்கென்று உடுத்திய ஒரு பெண், ஊர் முன்னால் குடிகாரி என்று பெயர் வாங்கி, அம்மாவும் வந்து பார்க்கவில்லை என்றால் எங்கே போவாள்? அவளை வா என்று கூப்பிடுகிற இடம் எங்கள் ஊரில் அந்த மணல் குழி ஒன்றுதான்; விருந்துக்கு வராத பிள்ளைகள் இன்னும் அங்கேதான் குடிக்கப் போவார்கள்.

நெடுஞ்சாலையை விட்டு மண் சாலையில் திரும்பியதும் டெல்மர் பேச ஆரம்பித்தார். "அவ புத்திசாலிப் பொண்ணு லவோன். ஓரமா உக்காந்திருப்பா." ஷெல்பி என்னிடம் கோபித்துக்கொண்டால் எனக்குப் பிடிக்காததைத்தான் முதலில் செய்வாள். பத்து வயதில் ஒரு சண்டையில் தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டவள் அவள். ஆண்டவரே, இன்றைக்கு மட்டும் அவள் என்னைக் கோபித்துக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மரங்களுக்கு நடுவே நெருப்பு தெரிந்தது. பாட்டுச் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓரமாக ஏழெட்டுக் கார்கள் நின்றன. பாடுகிறார்கள் என்றால் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். அப்போதுதான் நாங்கள் வந்த வண்டி எது என்று உறைத்தது. வெள்ளை வேன். இரண்டு பக்கமும் டெல்மரின் முகம் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தது. கூரைமேல் அவர் பெயர் விளக்குப் போட்டு எரிந்துகொண்டிருந்தது.

"லைட்ட அணை! டெல்மர், லைட்ட அணை!"

"ரோடு தெரிய வேணாமா? ரெண்டு பக்கமும் தண்ணி லவோன்!"

அதற்குள் ஒருவன் கத்தினான். "மேயர்டா! மேயர் வர்றான்!" பாட்டு நின்றது. கார்க் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. விளக்குகூடப் போடாமல் கார்கள் மணலைக் கிளப்பிக்கொண்டு கிளம்பின. நான் ஓடுகிற வேனிலிருந்து இறங்கினேன், விழுந்தேன், எழுந்து ஏப்ரனைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு சாலை நடுவில் நின்றேன். "போகாதீங்கடா! யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டோம்! நில்லுங்க! நான்தான், கிச்சன் லவோன்!" தினமும் மத்தியானம் நான் போட்ட சோற்றைத் தின்கிற பிள்ளைகள். ஒருத்தனும் நிற்கவில்லை. புற்களை உரசிக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்கள்.

கடைசியாக வந்தது எங்கள் கார், அது மட்டும் விளக்குப் போட்டிருந்தது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. "ஷெல்பி!" என்று கத்தினேன். அது என்னை உரசாத குறையாகக் கடந்து போனது. கண்ணாடியில் மூச்சுப் படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கதவில் மாட்டிக்கொண்டு வெளியே மஞ்சள் துணி படபடத்தது. ஷெல்பியின் கவுனுக்கு நான் மடித்துத் தைத்த ஓரம், எனக்குத் தெரியாதா? அது ஓட்டுகிற பக்கத்துக் கதவு இல்லை, மறுபக்கத்துக் கதவு.

வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.

டெல்மர் வேனை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "பின்னாடி போகட்டுமா லவோன்?" என்றார். அன்றைக்கு அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் போனால் அவர்கள் இன்னும் வேகமாக ஓட்டுவார்கள். போகாவிட்டால் அந்த வளைவு வரை என் பெண்ணுக்கு யாரும் துணையில்லை. அந்தப் பையன்களுக்காக ஊர் நட்ட இரண்டு வெள்ளைச் சிலுவைகளும் அங்கேதான் இருக்கின்றன. "சொல்லு லவோன், போகட்டுமா?" என்று அவர் மறுபடியும் கேட்டார்.

போன குளிர்காலத்தில் எங்கள் காரின் பின்விளக்கு ஒன்று உடைந்தது. புதிது வாங்க முடியாமல் நானே சிவப்பு நாடா ஒட்டியிருந்தேன். முழுச் சிவப்பாக ஒன்றும் மங்கலாக ஒன்றும் இரண்டு பக்கத் தண்ணீருக்கு நடுவே போய்க்கொண்டிருந்தன. வளைவில் முதலில் முழுச் சிவப்பு மறைந்தது. மங்கலானது மட்டும் இன்னும் தெரிந்தது. நான் கண்ணை இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.