றுமானா ஓட்டிப் பார்த்த இரண்டு கார்கள்

கிண்ணியாவில் கலியாண வீடுகளுக்கு, தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் செய்து கொடுப்பவள் றுமானா. அவளுக்கு ஆட்டோவால்தான் தலையிடி. குலுக்குகிற குலுக்கலில் வட்டிலப்பத்தின் மேல் நீளமாக வெடிப்பு விழுந்துவிடும். அதனால் கார் ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தாள். எந்தக் கார் என்பதில் கணவன் இக்ராமும் அவளுடைய தம்பி ஸஜ்ஜாதும் ஒரு மாதமாக மல்லுக்கட்டினார்கள்.

இக்ராமுக்கு டொயோட்டா பிரீமியோ. "எந்த கராஜிலயும் இதத் திருத்துவாங்க. கந்தளாயிலயும் சாமான் எடுக்கலாம். விக்கப் போனா வாசல்லயே ஆள் வந்து நிக்கும்."

ஸஜ்ஜாதுக்கு ஹொண்டா அக்கோட். "அதே காசுக்கு இன்னும் புதுசு கிடைக்கும் மச்சான். டிக்கி பெரிசு. எஞ்சின் சத்தமே கேக்காது. இதுவும் லேசில பழுதாகிற சாமான் இல்ல."

சனிக்கிழமை காலை மூவரும் திருகோணமலைக்குப் போனார்கள். உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் கார் விற்கும் முனாபின் முற்றத்தில் இரண்டு காரும் கழுவித் துடைத்து நின்றன. றுமானா மடியில் நாலு தட்டு வட்டிலப்பத்தோடு வந்து இறங்கினாள்.

"இது என்னத்துக்கு தங்கச்சி?" என்றார் முனாப்.

"கார் பாக்கத்தான், முனாப் நானா."

ஒரு தட்டை பிரீமியோவின் டிக்கியில் வைத்தாள். இக்ராம் ஓட்டினான். கோட்டைப் பக்கம் போகும் வழியில் அங்கே திரியும் மான்களில் ஒன்று ஆறஅமர வீதிக்கு இறங்கியது. இக்ராம் பிரேக்கில் ஏறி நின்றான். திரும்பி வந்து டிக்கியைத் திறந்தால் வட்டிலப்பம் நடுவால் பிளந்து கிடந்தது.

ஸஜ்ஜாதுக்கு வாயெல்லாம் பல். அடுத்த தட்டோடு அக்கோட்டை எடுத்தான். எஞ்சினின் வேகத்தைக் காட்டப்போய், வேகத்தடை ஒன்றின் மேலால் பறந்தான். அவனுடைய வட்டிலப்பம் தட்டின் ஒரு பக்கமாய்க் குவிந்திருந்தது.

இக்ராம் சிரிக்கத் தொடங்க, முனாபும் சேர்ந்துகொண்டார்.

"கார் ரெண்டும் நல்லம்தான்," என்றாள் றுமானா. "ஓட்டின ரெண்டு பேரும்தான் சரியில்ல. கார்த் திறப்பத் தாங்க, நான் ஓட்டுறன்."

"நீயா?" என்றான் இக்ராம். அவளிடம் லைசன் இருந்தது. எடுத்த நாளிலிருந்து ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டியிருந்தாள்.

"ஓம், நான்தான். நீங்க பின்னால இருங்க."

முதலில் அக்கோட். ஆமை மாதிரி ஊர்ந்தாள். கடற்கரை வீதியில் கொஞ்சத் தூரம் போனதும் கொஞ்சம் வேகம் கூட்டினாள். பிறகு பிரீமியோ. இரண்டையும் கடைசியில் முனாபின் வீட்டுக்குப் போகும் குறுகலான ஒழுங்கைக்குள் விட்டு, பின்னுக்கு எடுத்துப் பார்த்தாள். அக்கோட்டில் இரண்டு பக்க மதிலும் கண்ணாடியில் முட்டுமாப்போல் இருந்தது. பிரீமியோ இலகுவாக வந்தது. டிக்கிகளில் வைத்திருந்த மீதி இரண்டு தட்டிலும் வட்டிலப்பம் வைத்தபடியே இருந்தது, ஒரு கோடு இல்லை.

"பிரீமியோ," என்றாள்.

"நான் சொன்னனான்தானே," என்றான் இக்ராம். "விக்கிற நேரம் பாரு..."

"விக்கிறதுக்கு ஆர் வாங்குறா? நம்மட கலியாண வீடெல்லாம் ஒழுங்கைக்குள்ளதான் இருக்கு. அக்கோட் சொகுசுதான். ஆனா அதுக்குள்ள திருப்ப ஏலாது."

ஒழுங்கையைப் பற்றி ஒரு மாதமாக இரண்டு பேருமே கதைத்திருக்கவில்லை. ஸஜ்ஜாத் தலையைச் சொறிந்தான். "அது சரிதான் ராத்தா."

உடைந்த இரண்டு தட்டு வட்டிலப்பத்தையும் அவர்கள் முற்றத்திலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். முனாப் தேத்தண்ணி ஊற்றிவந்தார். பேரம் பேசும்போதும் அவர் கை வட்டிலப்பத்தை விட்டு விலகவில்லை. றுமானா கேட்ட விலைக்கே தலையாட்டினார்.

பின்னேரம் எழுத்து வேலையெல்லாம் முடித்து, கிண்ணியாப் பாலத்தில் றுமானா காரை ஏற்றினாள். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. பின்சீற்றில் இருந்த இக்ராம் "கியர்..." என்று வாயெடுத்தான்.

"இது ஓட்டோ கியர், தானா மாறும் மச்சான்," என்றான் ஸஜ்ஜாத்.

றுமானாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. பாலம் இவ்வளவு கெதியாய் முடிந்துபோனதில் மனம் நிறையாமல், அந்தப் பக்கம் போய்த் திருப்பி இன்னொருமுறை ஏற்றினாள்.